பெயர் எழுத முடியாதவர்களின் ஊர்வலம்

1979 அக்டோபர் 14-ந் தேதி அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் ஒரு பெரும் ஊர்வலம் நடந்தது. 75,000 பேர் என்றார்கள் சிலர்; 1,25,000 பேர் என்றார்கள் சிலர். கணக்கு எதுவானாலும், அந்நாட்டு வரலாற்றில் அதுபோல் ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் நாடு முழுவதிலுமிருந்து ஓரிடத்தில் கூடி, தங்களை வேலையிலிருந்து விரட்டக் கூடாது, சிறையில் தள்ளக் கூடாது, பெற்ற பிள்ளைகளைத் தங்களிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று பகிரங்கமாகக் கோரினார்கள்.

"இதில் நமக்கென்ன? நூல் நூற்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இந்த விவகாரத்தில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். அந்த ஊர்வலம் எப்படி வந்தது, யார் கட்டினார்கள், எதில் தடுக்கி விழுந்தார்கள், எதில் ஜெயித்தார்கள் என்பதை அறிந்தால், அது நம் ஆலை வாயிலுக்கும் களத்துமேட்டுக்கும் எவ்வளவு நெருங்கிய விஷயம் என்பது தானே விளங்கும்.

ஒரே சல்லடை

1953 ஏப்ரல் 27-ல் ஐசனோவர் ஜனாதிபதி 10450 என்ற எண் கொண்ட உத்தரவில் கையெழுத்திட்டார். சர்க்கார் ஊழியர்கள் ஒவ்வொருவரும் "தேசப் பாதுகாப்புக்கு" உகந்தவர்தானா என்று துருவிப் பார்க்கும் உத்தரவு அது. கம்யூனிஸ்டு என்று சந்தேகிக்கப்பட்டவனையும், தன்பாலின ஈர்ப்பு உள்ளவன் என்று சந்தேகிக்கப்பட்டவனையும் ஒரே சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். யார் எந்தச் சங்கத்தில் இருக்கிறான், யார் யாருடன் வீட்டில் தங்குகிறான் என்று வேவு பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். என்ன குற்றம் செய்தார்கள்? வேலையில் தவறினார்களா? திருடினார்களா? இல்லை. அவர்கள் யாரை நேசித்தார்கள் என்பதே குற்றமாயிற்று.

ராணுவத்தின் நிலப்பட இலாகாவில் பணியாற்றிய வானியல் நிபுணர் பிராங்க் காமனி 1957-ல் இப்படித்தான் நீக்கப்பட்டார். அவர் கோர்ட்டுப் படியேறினார். 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது. கோர்ட்டுக் கதவு மூடிய பிறகு வீதிதானே மிச்சம்? 1965 ஏப்ரல் 17-ல் அவரும் அவருடைய சங்கத்தாரும் வெள்ளை மாளிகைக்கு முன் அட்டைகளை ஏந்தி நின்றார்கள். மொத்தம் எத்தனை பேர் தெரியுமா? பத்துப் பேர்!

அந்தப் பத்துப் பேரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் ஆலை வாயிலில் முதல் கூட்டம் போட்டவர்களுக்குத் தெரியும், பத்துப் பேர் என்பது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று.

ஊர்வலம் கட்டிய கை

வாஷிங்டனுக்கு ஊர்வலம் போவது அந்நாட்டுத் தொழிலாளர் இயக்கம் கண்ட வழி. ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் ஊழியம் செய்த கறுப்புத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ப், 1941-ல் கறுப்பு மக்களைத் தலைநகருக்கு அணிவகுத்து அழைத்து வரப் போவதாக அறிவித்தார். ஊர்வலம் புறப்படும் முன்பே, ரூஸ்வெல்ட் ஜனாதிபதி இறங்கி வந்தார்; யுத்தத் தளவாட ஆலைகளில் நிறபேதம் பார்க்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

1963 ஆகஸ்டு 28-ல் சுமார் 2,50,000 பேர் திரண்ட பேரணியைப் பற்றி அறியாதவர் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேரணி. ஆனால் அதைக் கட்டியவர் யார்? பேயார்ட் ரஸ்டின் என்ற தோழர். இரண்டே மாதத்தில் 2,000-க்கு மேற்பட்ட பஸ்களையும் 21 தனி ரயில்களையும் ஏற்பாடு செய்தது அவருடைய சின்னஞ்சிறு காரியாலயம். எந்த ஊர்க்காரர் எங்கே இறங்குவது, குடிதண்ணீர்க் குழாய் எத்தனை, கழிப்பிடம் எத்தனை, வெயிலில் கெட்டுப் போகாத சாப்பாடு எது என்று அனைத்தும் காகிதத்தில் எழுதி வைக்கப்பட்டன. ஒலிபெருக்கிக்குத் தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்தன.

அந்த ரஸ்டின் ஆண்களை நேசிப்பவர். பேரணிக்கு முன் அதே ஆகஸ்டு மாதத்தில், நிறவெறி பிடித்த செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் செனட் சபையில் எழுந்து நின்று, ரஸ்டினின் அந்தரங்கத்தையும் அவர் இளமையில் கம்யூனிஸ்டு வாலிபர் சங்கத்தில் இருந்ததையும் அம்பலப்படுத்தினார். நோக்கம் என்ன? ரஸ்டினைக் காட்டிப் பேரணியை உடைப்பதுதான். இங்கே ராண்டால்ப் செய்ததை நாம் மனத்தில் இருத்த வேண்டும். அவர் ரஸ்டினைக் கைவிடவில்லை. அவர்மீது முழு நம்பிக்கை உண்டு என்று பகிரங்கமாக அறிவித்தார். பேரணி உடையவில்லை!

தோழனைக் கைவிட்டுக் காரியத்தைக் காப்பாற்றலாம் என்று எண்ணியிருந்தால், தோழனும் போயிருப்பான், காரியமும் போயிருக்கும்.

பீர் வண்டிக்காரர்களின் கூட்டு

1970-களின் நடுவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் பீர் வண்டி ஓட்டும் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆலன் பேர்ட் என்ற யூனியன் தலைவர், அந்நகரில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் மதுக்கடைகளில் அந்தப் பீரை விற்காமல் பகிஷ்கரிக்க உதவி கேட்டு ஹார்வி மில்க் என்பவரிடம் போனார். மில்க் ஒப்புக் கொண்டார். பதிலுக்கு ஒன்று கேட்டார்: எங்கள் ஆட்களுக்கும் வண்டி ஓட்டும் வேலை கொடுக்க வேண்டும். பேரம் படிந்தது. கூர்ஸ் கம்பெனியின் பீர் அந்தக் கடைகளிலிருந்து வெளியேறியது. வேலைக்கு வருபவர்களைப் பொய் கண்டுபிடிக்கும் யந்திரத்தில் உட்கார வைத்து அந்தரங்கத்தைக் கிளறிய கம்பெனி அது. ஆகவே பகிஷ்கரிப்பு இரு தரப்புக்கும் சொந்த விவகாரமாயிற்று.

இந்தக் கூட்டுக்குச் சீக்கிரமே சோதனை வந்தது. 1977-ல் புளோரிடாவின் ஒரு மாவட்டத்தில், வேலையிலும் குடியிருப்பிலும் பாரபட்சம் கூடாது என்ற உள்ளூர்ச் சட்டத்தை மத வெறியர்கள் வாக்கெடுப்பு நடத்தி ஒழித்தார்கள். 1978-ல் செயின்ட் பால், விச்சிட்டா, யூஜீன் ஆகிய நகரங்களிலும் அதே கதை. பிறகு கலிபோர்னியாவில், தன்பாலின ஈர்ப்பாளர்களையும் அவர்களை ஆதரித்துப் பேசுவோரையும் பொதுப்பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து நீக்க வழி செய்யும் மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தார் பிரிக்ஸ் என்ற பிற்போக்காளர். ஆதரித்துப் பேசுகிறவனுக்கும் வேலை போகும் என்றால், அது எந்த யூனியனுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்? தொழிற்சங்கங்கள் எதிர்ப்பில் இறங்கின. 1978 நவம்பர் 7-ல் மசோதா படுதோல்வி அடைந்தது.

இருபதே நாளில், நவம்பர் 27-ல், நகரசபை உறுப்பினராயிருந்த ஹார்வி மில்க்கையும் மேயரையும் முன்னாள் உறுப்பினன் ஒருவன் நகர மன்றத்திலேயே சுட்டுக் கொன்றான். இரு உயிர்களுக்குக் கிடைத்த தண்டனை ஏழு வருஷம், எட்டு மாதம்!

வாஷிங்டனுக்கு ஊர்வலம் போவோம் என்று 1978 ஜூன் மாதமே அறைகூவல் விட்டவர் மில்க். அழைத்தவர் இல்லை, அழைப்பு நின்றது.

போவதா, வேண்டாமா?

ஊர்வலம் வானத்திலிருந்து குதித்து வரவில்லை. 1978-ல் மினியாபோலிஸ் நகரில் அமைத்த ஏற்பாட்டுக் கமிட்டி உள்சண்டையில் கலைந்தது. 1979 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் சுமார் 300 பேர் கூடிய மகாநாட்டில் முதல் கேள்வியே, ஊர்வலம் போவதா வேண்டாமா என்பதுதான். பெரிய ஸ்தாபனங்களின் தலைவர்கள் முதலில் தயங்கினார்கள். அவர்கள் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கூட்டம் சேராவிட்டால் எதிரி கைகொட்டிச் சிரிப்பான். சட்டசபை உறுப்பினர்கள் மிரண்டு விலகுவார்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செலவழிக்கும் பணத்தை ஊரில் செலவழித்தால் என்ன? இதெல்லாம் பொறுப்புள்ள கேள்விகள்தான்.

ஆனால் நடந்தது என்ன? ஊரூராகப் போராடிய இடங்களில் ஊரூராகத் தோற்றார்கள். நாடெங்கும் ஒரே எதிரி சுற்றி வந்து தாக்கும்போது, தனித்தனியாகத் தற்காத்துக் கொள்வது நடக்காத காரியம். ஒரு மில்லில் கூலி வெட்டை எதிர்க்க ஜில்லா பூராவும் ஏன் வேலை நிறுத்தம் என்று கேட்பவருக்கு நாம் சொல்லும் பதிலும் இதுதானே? ஊர்வலத்துக்குத் தீர்மானம் நிறைவேறியது. ஜூலையில் ஹூஸ்டன் நகரில் மறுபடி கூடி வேலைகளைப் பங்கிட்டார்கள்.

கோரிக்கைகள் ஐந்து. பாரபட்சத்தைத் தடுக்கும் முழுமையான சட்டம் வேண்டும். சர்க்கார் வேலையிலும் ராணுவத்திலும் சர்க்கார் காண்டிராக்டு எடுக்கும் கம்பெனிகளிலும் பாரபட்சத்தை ஜனாதிபதி உத்தரவால் தடை செய்ய வேண்டும். தங்களைத் தண்டிக்கும் சட்டங்கள் யாவும் ரத்தாக வேண்டும். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இந்தக் காரணத்துக்காகக் குழந்தையைப் பறிக்கக் கூடாது. வீட்டிலும் பள்ளியிலும் வேலையிலும் இளைஞர்கள் வதைபடாமல் காக்க வேண்டும். ஒன்றிலாவது ஆடம்பரம் உண்டா? வேலை, வீடு, பிள்ளை, பயமில்லாத வாழ்வு. எந்தக் குடும்பம் இதைக் கேட்கவில்லை?

கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு என்று விதி செய்தார்கள். கறுப்பர் முதலான நிறத்தவர்க்கும் தனி இடம் ஒதுக்கினார்கள். ஊர்வலத்தின் பெயரிலேயே பெண்களைக் குறிக்கும் லெஸ்பியன் என்ற சொல் முன்னே நின்றது. சும்மா கிடைத்ததல்ல இது. எங்களை எண்ணிக்கைக்கு மட்டும் அழைக்காதே என்று பெண்கள் வாதாடிப் பெற்றது. ஊர்வலத்தை ஒட்டி ஹோவார்டு சர்வகலாசாலையில் கறுப்பரும் ஆசியரும் லத்தீன் அமெரிக்கரும் தனி மகாநாடு கூட்டி, அங்கிருந்து அணியாக நடந்து வந்து பேரணியில் கலந்தார்கள். ஒதுக்கப்பட்டவனுக்குள்ளும் ஒதுக்கப்பட்டவன் உண்டு. அவனைப் பின்வரிசையில் நிறுத்தும் ஐக்கியம் ஐக்கியம் அல்ல.

கேமராவுக்கு முன்னால்

இந்த ஊர்வலத்துக்கு ஒரு விசேஷக் கஷ்டம் உண்டு. யூனியன் கட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? பெயர் எழுதிச் சந்தா வாங்கி ரசீது கொடுக்கிறோம். பெயர்ப் பட்டியலே நம் பலம். இவர்களுக்கோ பெயரே அபாயம். பட்டியல் கைமாறினால் வேலை போகும். வாடகை வீடு போகும். கோர்ட்டு குழந்தையைப் பிடுங்கிக் கொடுத்துவிடும். பத்திரிகையில் ஒரு போட்டோ வந்தால் போதும், மறுநாள் சீட்டுக் கிழியும். எதிரிக்கு அடையாளம் தெரியாமல் இருப்பதே அதுவரை இவர்களுக்குக் கவசம். அந்தக் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பட்டப்பகலில், தலைநகரின் நடுவீதியில், கேமராக்களுக்கு முன்னால் நடந்து வா என்று எப்படி அழைப்பது?

அதற்குத்தான் எண்ணிக்கை. தனியாக நிற்பவனுக்குப் பெயர் அபாயம். லட்சம் பேரோடு நிற்பவனுக்கு அதுவே கேடயம். சிற்றூரிலிருந்து வந்த ஒரு பெண், நம்மைப் போல் உலகில் வேறொருத்தி இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தவள், அந்த மைதானத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தன் போன்றோரைக் கண்டால் பழைய ஆளாகவா ஊர் திரும்புவாள்? சர்க்காரிடம் மனுக் கொடுக்க மட்டும் ஊர்வலம் போவதில்லை. சிதறிக் கிடப்பவர்கள் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே அறிந்து கொள்ளவும் ஊர்வலம் போகிறோம். இதை மறந்தவர்கள்தான், ஊர்வலத்தால் உடனே என்ன கிடைத்தது என்று கேட்பார்கள்.

சாவேஸ் ஏறிய மேடை

1979-க்குப் பிறகு எய்ட்ஸ் நோய் வந்தது. ஆயிரக்கணக்கில் வாலிபர்கள் மடிந்தபோது ரீகன் சர்க்கார் பாராமுகமாயிருந்தது. நோயைப் பற்றி அந்த ஜனாதிபதி முதல் பெரிய பிரசங்கம் செய்தது 1987 மே மாதம். அதற்குள் 20,000 பேருக்கு மேல் மாண்டு போயிருந்தார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட்டோ, தன்பாலின ஈர்ப்பாளர்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கூடத் தண்டிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது.

1987 அக்டோபர் 11-ல் இரண்டாவது தேசிய ஊர்வலம். குறைந்த கணக்கே இரண்டு லட்சம் பேர். நோயில் இறந்தவர்களின் பெயர்களைத் தைத்த 1,920 துணிகளைப் புல்வெளியில் விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஒரு சவக்குழி அளவு. உயிரோடிருந்தபோது மறைத்து வைக்க வேண்டியிருந்த பெயர்களை விடியற்காலையில் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். இரண்டு நாள் கழித்து நூற்றுக்கணக்கானோர் சுப்ரீம் கோர்ட்டு வாசலில் சட்டத்தை மீறிக் கைதானார்கள்.

அந்த மேடையில் யார் ஏறினார் தெரியுமா? சீசர் சாவேஸ்! திராட்சைத் தோட்டக் கூலிகளின் சங்கத்தைக் கட்டியவர். 1965 முதல் ஐந்து வருஷம் நாடெங்கும் திராட்சைப் பகிஷ்கரிப்பு நடத்தித் தோட்ட முதலாளிகளைப் பணிய வைத்தவர். பண்ணைக் கூலிகளின் தலைவருக்கு அங்கே என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. ஊர்வலத்தை ஒட்டி, அந்நாட்டுத் தொழிற்சங்கங்களின் மத்திய சம்மேளனமான ஏ.எப்.எல்.-சி.ஐ.ஓ. தன் தலைமைக் காரியாலயத்தில் தன்பாலின ஈர்ப்புள்ள தொழிலாளர்களுக்கு வரவேற்பு அளித்தது. பீர் வண்டிக்காரர்களுடன் தொடங்கிய கைகோப்பு அத்தனை தூரம் வளர்ந்திருந்தது.

முதலாளிப் பத்திரிகைகள் என்ன செய்தன? டைம், நியூஸ்வீக் என்ற இரு பெரிய வாரப் பத்திரிகைகளும் இந்த மாபெரும் ஊர்வலத்தைப் பற்றி எழுதவே இல்லை. நம் வாசகர்களுக்கு இது புதிதல்ல.

மேலிருந்து கட்டினால்

எல்லா ஊர்வலமும் ஒன்றல்ல. 2000 ஏப்ரல் 30-ல் வாஷிங்டனில் மீண்டும் பெரும் பேரணி நடந்தது. இம்முறை ஊரூராகக் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பணபலம் மிக்க ஸ்தாபனத் தலைவர்கள் தேதியையும் மேடையையும் முடிவு செய்துவிட்டு, பிறகு ஜனங்களை அழைத்தார்கள். பெரிய கம்பெனிகள் விளம்பரத்தோடு பணம் கொடுத்தன. எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரில் ஊர்வலமா என்று பழைய ஊழியர்களே எதிர்த்து நின்றார்கள். கடைசியில், கூடவே நடந்த திருவிழாவின் வசூல் பணம் மாயமான புகாரில் போய் முடிந்தது.

கூட்டம் அன்றும் பெரிதுதான். ஆனால் கூட்டம் வேறு, இயக்கம் வேறு. யார் தீர்மானிப்பது, யார் பணம் கொடுப்பது, வந்தவன் ஊர் திரும்பி என்ன செய்வது — இம்மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் லட்சம் பேர் நடந்தாலும் திருவிழாதான்.

பேனாவால் வந்தது

இனி வரவு செலவைப் பார்ப்போம். வீட்டுக்குள் தண்டிக்கும் சட்டங்களை 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. ராணுவத் தடை 2011-ல் நீங்கியது. தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காக ஒருவரை வேலை நீக்கம் செய்வது சட்ட விரோதம் என்று 2020 ஜூன் 15-ல் தீர்ப்பு வந்தது. முதல் ஊர்வலம் நடந்து நாற்பது வருஷம் கழித்து! முதல் கோரிக்கையான முழுமையான சட்டமோ 2019-லும் 2021-லும் கீழ்ச்சபையில் நிறைவேறி, செனட் சபையில் முடங்கிப் போயிற்று.

காண்டிராக்டுக் கம்பெனிகளில் பாரபட்சத்தைத் தடுக்கும் உத்தரவு 2014-ல் ஒபாமாவின் பேனாவால் வந்தது. அந்த உத்தரவு நின்ற அஸ்திவாரத்தையே 2025 ஜனவரியில் டிரம்பின் பேனா அடித்துவிட்டது. பேனாவால் வந்ததைப் பேனா கொண்டு போகும். காவலுக்கு ஸ்தாபனம் இல்லாத உரிமை வேலியில்லாத பயிர்.

தோழர்களே! நம் நாட்டிலும் இவர்களைக் குற்றவாளியாக்கிய 377-வது பிரிவு, 1860-ல் வெள்ளையன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. 2018 செப்டம்பர் 6-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு அதன் பிடியைத் தளர்த்தியது. ஆனால் சட்டம் தளர்ந்தாலும் வாய் தளரவில்லை. ஆலையில், களத்தில், டீக்கடையில் ஒருவன் நடையையும் பேச்சையும் கேலி செய்து சிரிப்பது இன்னும் நடக்கிறது. சிரிக்கிறவன் ஒன்றை யோசிக்க வேண்டும். நாம் கேலி செய்து ஒதுக்கியவன் சங்கத்துக்கு வர மாட்டான். வேலை நிறுத்தத்தன்று நம் பக்கம் நிற்க அவனுக்குக் காரணமும் இராது. மேஸ்திரி முதலில் கை வைப்பதும் அவன் மீதுதான். கேட்க ஆள் இல்லாதவனை வெளியேற்றிப் பழகிய கை, அடுத்தபடி நம் சட்டையைப் பிடிக்கும்.

ராண்டால்ப் தன் தோழனைக் கைவிடவில்லை. பீர் வண்டிக்காரர்கள் கை நீட்டத் தயங்கவில்லை. திராட்சைத் தோட்டத்துத் தலைவர் மேடையேற வெட்கப்படவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதான்: ஒருவனுக்கு அநியாயமாகச் சீட்டுக் கிழிந்தால், அவன் யார் என்று கேட்பது முதலாளியின் வேலை. அவனோடு நிற்பது நம் வேலை.